வேளாங்கண்ணி எண்ணெ

— இன்னாய்யா இது பாட்டில்ல?

— எண்ணெ.

— கண்ணு தெரியுது எனுக்கு. இன்னா எண்ணென்னு கேட்டேன்.

— வேளாங்கண்ணி மாதா எண்ணெ. யாரு கேட்டாலும் அப்பிடித்தான் சொல்லணும். நானே ஊடு ஊடா குடுத்துடறேன். நீ வாயத் தொறக்காத.

— கும்மிடிப்பூண்டி பஜார்ல வாங்கின தேங்காண்ணெ மாதா எண்ணெயா? நல்லா இருக்குய்யா உன் பக்தி.

— பேஜாரு பண்ணாத விக்டோரியா. நாலு நாளா நாம மெட்ராஸ் ஆஸ்பத்திரில டெஸ்ட்டுக்குக் கெடந்தோம். தெருவுல கேட்டவங்களுக்கெல்லாம் வேளாங்கண்ணின்னுதான் சொல்லி வெச்சிருக்கேன். வெறுங்கையோட வந்து நின்னா சந்தேகம் வராதா?

— அதுக்குன்னு மொட்டையும் போட்டுக்கணுமா நானு?

— நேத்திக்கடன்னு சொல்லிக்கலாம் மே. நம்ம ஷைனிக்கு நல்ல எடம் அமைஞ்சிச்சி, அம்மாக்காரி மாதாவுக்கு முடி குடுத்தான்னா யாரு இன்னா சொல்லப் போறாங்க? ஊசி ஏத்தினா எப்பிடியும் கொட்டத்தான் போவுது, டாக்டரே சொன்னாரு. சலூன் ரகு சாயங்காலமா பின்பக்கம் வந்துடுவான், யாருகிட்டயும் மூச்சு வுட மாட்டான். தலைக்குத் தடவ சந்தனம் கூட வாங்கியாந்துட்டேன்.

— கொட்டறது வேற, நீ ஆள வெச்சி செரைக்கறது வேற. நாளைக்கு மொத ஊசிய்யா. அப்பறம் மார எடுக்கணும்னுட்டாங்க. பயமா இருக்குது எனுக்கு. புத்துநோயின்னு வாய்விட்டு ஒருத்தர்கிட்ட சொல்லி அழக்கூட வுட மாட்டேங்கறியே.

— மெதுவா பேசு. பக்கத்து ஊட்ல மெர்சி இருக்கா.

— இருக்கட்டுமே. அவளும் பொம்பளதான?

— ஷைனி கல்யாண ஓலை கோயில்ல ரெண்டு வாட்டி வாசிச்சாச்சு. வர்ற ஞாயித்துக்கெழம கடைசி ஓலை. தட இருந்தா சொல்லுங்கன்னு சாமியாரு கேக்கறப்பல்லாம் யாரு எழுந்துக்கறாங்கன்னு திரும்பித் திரும்பிப் பாக்கறேன். அந்தோணி பொண்டாட்டிக்கு இந்த நோவாம், ஆத்தாளுக்கு இருந்தா பொண்ணுக்கும் வரும்னு எவனாச்சும் ஊதிட்டா போதும். மாப்ள ஊட்ல கைய வுட்ருவாங்க.

— அப்ப நான்தான் தட.

— அய்யோ, அப்பிடியா சொன்னேன்?

— வேற எப்பிடிய்யா சொல்றது? சரி, அத வுடு. நாளைக்கு எங்கூட யாரு வர்றது? மருந்து ஏறறப்ப ஊட்டு ஆளு ஒருத்தர் பக்கத்துல கைய புடிச்சிக்கினு உக்காரணும், அப்பதான் மனசு தெம்பா இருக்கும்னு நர்ஸம்மா சொல்லிச்சே, காதுல வுழுந்துச்சா?

— நான் வரேன். ஆனா ட்ரெயின்ல நீ லேடீஸ்ல ஏறிக்கோ, நான் பின்னாடி ஏறிக்கறேன். மாப்ளயோட மாமா ஜெயராஜ் இருக்காரு இல்ல, அவரு மில்லுல நைட் ஷிப்ட் முடிச்சிட்டு அந்த வண்டிலதான் மீஞ்சூர் போறாரு. ரெண்டு பேரையும் ஒன்னா பாத்தா எங்கன்னு கேப்பாரு.

— எங்கூட குடும்பம் பண்ண ஆளு, ட்ரெயின்ல எங்கூட உக்கார மாட்ட!

— கல்யாணம் முடியட்டும் மே. அப்பறம் உன்ன தோள்ல தூக்கிக்கினு போறேன்.

— தூக்குவ, தூக்குவ. நாலு பேரோட சேந்து தூக்குவ.

— உன் வாய்ல நல்ல வார்த்தையே வராதா?

— இந்த மொட்டை யாரு யோசனய்யா?

— என்னுதுதான்.

— உனுக்கு இவ்ளோ மூள கெடையாதே.

— என்னுதுதான்னு சொல்றேன் இல்ல?

— ஷைனி எதுனா சொல்லிச்சா?

— அது சின்னப் பொண்ணு. அதுக்கு இன்னா தெரியும்? அம்மா அம்மான்னு அழுதுக்கினு கெடக்குது.

— எங்கிட்ட அழலியே. நாஷ்டா தட்ட வெச்சிட்டு மூஞ்சக்கூட பாக்காம போவுது.

— அது அழுதா நீ ஒடஞ்சிடுவியாம். அதான்.

— அப்பிடின்னா நாளைக்கு அதையே கூட்டிக்கினு போறேன். எம்பொண்ணு கைய புடிச்சிக்கினா போதும் எனுக்கு. நீ ஷிப்டுக்குப் போ.

— வேணாம்.

— ஏன் வேணாம்?

— வேணாம்னா வுடேன்.

— கூப்புட்டா வரும்யா எம்பொண்ணு.

— வராது விக்டோரியா! மொட்டை போட்டுடலாம்னு சொன்னதே அதுதான். வேளாங்கண்ணின்னு சொல்லிக்கலாம்னதும் அதுதான். கல்யாணம் முடியற வரைக்கும் அம்மாவுக்கு ஒன்னும் இல்லாத மாதிரியே இருக்கட்டும்ப்பான்னு அழுதுச்சு. நான் இன்னா பண்ணட்டும்? போதுமா உனுக்கு?

— தெரியும்.

— இன்னா தெரியும்?

— அது உங்கிட்ட பேசினப்ப நான் பாத்ரூம்லதான் இருந்தேன். அது சின்னப் பொண்ணு, பயத்துல பேசுது, போவட்டும். நீ முடியாதுன்னு சொல்லுவன்னு கொழாய மூடிட்டு நின்னுக்கினு இருந்தேன்யா. நீ இன்னா எண்ணெ வாங்கறதுன்னு கேட்ட.