ஓடும்போதே உருவிய டிஸ்க்

எனக்குத் தேடுவது பிடிக்காது. சாவியோ மூக்குக்கண்ணாடியோ, கையை நீட்டினால் வைத்த இடத்தில் இருக்க வேண்டும். இதற்காக வீட்டில் என்னைக் கிண்டல் செய்வார்கள். நான் பார்க்கும் வேலையும் அதே சங்கதிதான் என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன். பயமாக இருக்கிறது. ஆனாலும் நிதானமாகச் சொல்கிறேன், இன்ஸ்பெக்டர் ஐயா.

பெரிய கம்ப்யூட்டர்களில் டிஸ்க்குகள் அடுக்கடுக்காக இருக்கும். எழுதும் வேலை ஒன்று வந்தால், அது எந்த டிஸ்க்குக்கு உரியது என்று கண்டுபிடித்து அனுப்பும் நிரலை எழுதுபவன் நான். பழைய நிரல் முதல் டிஸ்க்கில் ஆரம்பித்து ஒவ்வொன்றிடமும் 'நீயா, நீயா' என்று கேட்டுக்கொண்டே போகும். வேலை முடியும்வரை எந்த டிஸ்க்கும் வரிசையை விட்டு விலக முடியாதபடி ஒரு பூட்டும் போட்டிருக்கும். டிஸ்க்குகள் பெருகப் பெருக எல்லாம் ஆமை வேகத்துக்கு வந்துவிட்டது. நான் அந்த வரிசையைத் தூக்கிவிட்டு ஓர் அட்டவணை வைத்தேன். எண்ணைச் சொன்னால் நேராக அந்த டிஸ்க். பூட்டையும் எடுத்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், வேகத்தில் பெரும்பங்கு பூட்டை எடுத்ததில் வந்தது.

எங்கள் அலுவலகத்தில் அடுத்தவர் நிரலைச் சரிபார்க்கும் அம்மாவுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர் வைத்திருந்தோம். அவர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று திரையை வெகுநேரம் பார்த்தார்.

"மெஷின் பிஸியா இருக்கறப்ப வேலையெல்லாம் காத்துக்கிட்டு நிக்கும். அந்த நேரத்துல ஒருத்தர் டிஸ்க்கை உருவிட்டு, அதே எண்ணுல புதுசு செருகுனா, காத்திருந்தது எங்க போய் எழுதும்?"

"ஓடும்போது யாரு மேடம் உருவப் போறாங்க?"

"நான் அதைக் கேக்கல."

எங்கே போய் எழுதும் என்று இருவருக்குமே தெரியும். புது டிஸ்க்கில், தனக்குச் சம்பந்தமில்லாத இடத்தில் எழுதும். ஒருவருடைய விவரம் இன்னொருவர் விவரத்தின் மேல் போய் உட்காரும். அவர் ஒப்புதல் தர மறுத்தார். நான் வேக வரைபடத்தை எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் போனேன். வாடிக்கையாளர்கள் உயிரை எடுப்பதாக அவர் ஏற்கெனவே நொந்துபோயிருந்தார். வரைபடத்தைப் பார்த்ததும் அனுப்பச் சொல்லிவிட்டார். பூதக்கண்ணாடி அதற்குப் பிறகு என்னுடன் பேசவில்லை.

அன்றிலிருந்து பிடித்தது பயம். எங்கள் சோதனை அறையில் கை வலிக்கும்வரை டிஸ்க்குகளை உருவி உருவிச் செருகினேன். ஒரு முறைகூட அந்தத் தவறு நடக்கவில்லை. நடந்திருந்தால் திருத்தியிருப்பேன். நடக்காது என்று உறுதியாகத் தெரிந்திருந்தால் தூங்கியிருப்பேன். இரண்டும் இல்லாமல் இருப்பது கொடுமை. டிஸ்க் மாற்ற வேண்டும் என்று எந்த வாடிக்கையாளரின் ஊழியர் கேட்டாலும், மெஷினை நிறுத்திவிட்டு மாற்றுங்கள் என்றே சொல்வேன். தவறாமல் சொல்வேன், விசாரித்துப் பாருங்கள்.

என் அக்காவின் கணவர் ஓர் ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் அறையைப் பார்த்துக்கொள்கிறவர். நோயாளிகளின் மருந்து விவரமெல்லாம் அங்கேதான் இருக்கும். எங்கள் நிரல்தான் அங்கும் ஓடுகிறது. ஒரு காலை வேளையில் அவர் கூப்பிட்டார்.

"மாப்ள, ஒரு டிஸ்க்ல சிவப்பு லைட்டு எரியுது. நிறுத்திட்டு மாத்தவா, அப்படியே உருவவா?"

உள்ளே கூட்டம் எப்படி என்று கேட்டேன். எள் போட்டால் விழாத கூட்டம் என்றார். மெஷின் மூச்சு முட்ட ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் சோதனை அறையில் எனக்கு ஒருநாளும் கிடைக்காத நிலைமை அது. குரலை இயல்பாக வைத்துக்கொண்டேன்.

"நிறுத்த வேணாம் மாமா. அப்படியே உருவிட்டு உடனே புதுசை செருகுங்க. ஒண்ணும் ஆகாது."

எனக்குத் தெரிய வேண்டியிருந்தது, அவ்வளவுதான். ஒன்றும் ஆகாமல் போயிருந்தால் நான் மறுபடி மனிதனாகியிருப்பேன்.

காய்ச்சலுக்காக வந்து படுத்திருந்த ஒரு தையல்காரப் பெண்ணின் பெயருக்கு நேரே, பக்கத்துக் கட்டிலில் இருந்தவரின் மருந்து வந்து நின்றிருக்கிறது. நர்ஸ் திரையில் இருந்ததைத்தான் கொடுத்தார். அந்தப் பெண் பிழைக்கவில்லை. அக்கா அழுதுகொண்டே போனில் சொன்னபோது எனக்கு முதலில் வந்தது நிம்மதி. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு, அந்தத் தவறு உண்மையா பொய்யா என்ற கேள்வி எனக்குள் இல்லாமல் போனது.

முதலில் விசாரிக்க வந்தவர்களிடம், நிறுத்திவிட்டு மாற்றச் சொல்வதுதான் எங்கள் வழக்கம் என்றேன். அது உண்மை. மாமா அவசரப்பட்டுவிட்டார் என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். நான் மறுக்கவில்லை. பூதக்கண்ணாடி உங்களிடம் வந்து பூட்டை எடுத்த விஷயத்தைச் சொல்லாமல் இருந்திருந்தால் இன்றும் மறுத்திருக்க மாட்டேன்.

காவலில் இருந்த மாமாவைப் போய்ப் பார்த்தேன். இளைத்துப்போயிருந்தார். அருகில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு என் கையைப் பிடித்தார்.

"நீ சொல்லித்தான் உருவுனேன்னு நான் மூச்சு விடல மாப்ள. தெரியாம சொல்லிட்ட, உன் பொழப்பும் எதுக்குப் போகணும்? அக்காவைப் பாத்துக்கோ."

அன்று வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டேன். அவர் காட்டிக்கொடுக்க மாட்டார் என்பது சிவப்பு லைட்டு எரிகிறது என்று போனில் அவர் குரலைக் கேட்டபோதே எனக்குத் தெரியும். எத்தனையோ பேர் கேட்டும், உருவச் சொன்னது அவரிடம் மட்டும்தான். அந்த அளவுக்கு நான் வேறு யாரையும் நம்பியதில்லை.