சுன்னிவா மறைக்க மறுத்த பாதி

அவைக்கு அணிசேர்க்கும் தலைவி சோல்வைக் அவர்களே! இந்த மண்டபத்தை எங்களுக்காக மனமுவந்து திறந்துவிட்ட துறைமுகத் தொழிலாளர் சங்கத்துப் பெரியோர்களே! பெற்ற பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவிட்டு, அங்கே அவர்கள் என்னதான் கற்கிறார்கள் என்று கேட்கும் உரிமையோடு வந்திருக்கும் தாய்மார்களே! கொட்டும் மழையில் நனைந்த கோட்டோடு படிக்கட்டில் அமர்ந்திருக்கும் மாணவச் செல்வங்களே! மூன்றாம் வரிசையில் முகம் இறுக வீற்றிருக்கும் இயற்பியல் துறைத் தலைவர் ஹால்வார்ட் பிரெக்கே அவர்களே! ஆம், உங்களையும் சேர்த்துத்தான் அழைக்கிறேன். அனைவருக்கும் இந்தத் தூருன் லெர்வோகின் வணக்கம்!

நேற்று நம் பல்கலைக்கழக ஆட்சிக்குழு கூடியது. மாணவர்கள் இயற்பியலை எப்படிக் கற்கிறார்கள் என்று ஆராயும் எங்கள் குழுவை மூடுவதென்று முடிவெடுத்தது. காரணம் என்ன? அது இயற்பியல் இல்லையாம்! விண்மீனின் வெப்பத்தை அளந்தால் இயற்பியல். அணுவின் அதிர்வை அளந்தால் இயற்பியல். எதிரே அமர்ந்திருக்கும் மாணவியின் உள்ளத்தில் பாடம் இறங்கியதா என்று அளந்தால் மட்டும் இயற்பியல் இல்லையாம்! அண்டத்தையே அளக்கத் துணிந்தவர்களுக்குத் தம் வகுப்பறையை அளக்க மட்டும் ஏன் இந்த அச்சம்?

பொறுங்கள், கை தட்டாதீர்கள். கதையை நான் இன்னும் தொடங்கவே இல்லை.

சுன்னிவா ட்வைட் எங்கள் குழுவை உருவாக்கியவர். அவர் பாடம் நடத்தினால் அரங்கம் நிரம்பும்; தேர்வில் பிள்ளைகள் மதிப்பெண் அள்ளிக் குவிப்பார்கள். அப்படிப்பட்டவர் ஒரு குளிர்காலத்தில், தேர்வுக்குத் தொடர்பில்லாமல் ஒரு கேள்வி கேட்டார். பனிச்சறுக்கு வீரன் ஒருவன் தாவு மேடையை விட்டுக் காற்றில் பறக்கிறான். அவன்மீது என்னென்ன விசைகள்? அம்புக்குறி போட்டுக் காட்டுங்கள், அவ்வளவுதான்.

நியூட்டனின் விதிகளை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் பிள்ளைகள்! அவர்களில் பெரும்பாலோர் வீரனை முன்னோக்கித் தள்ளும் ஓர் அம்பை வரைந்திருந்தார்கள். கீழே இழுக்கப் புவி உண்டு. தாங்கவும் தடுக்கவும் காற்று உண்டு. முன்னே தள்ள அந்த ஆகாயத்தில் யார் உண்டு? எவருமில்லை! ஓடும் பொருள் ஓடிக்கொண்டிருக்கத் தள்ளும் விசை தேவையில்லை என்பதுதானே நியூட்டனின் முதல் விதி!

ஹால்வார்டிடம் காட்டினார் சுன்னிவா.

"பசங்க சரியில்ல சுன்னிவா. இந்த வருஷம் வந்த கூட்டமே அப்படி."

"போன வருஷமும் இதைத்தான் சொன்னீங்க, ஹால்வார்ட். வருஷா வருஷம் பசங்கதான் பழுதாகுறாங்க, நாம மட்டும் புதுசாவே இருக்கமா?"

சிரிக்கிறீர்கள். அன்று ஹால்வார்ட் சிரிக்கவில்லை.

சுன்னிவா மாணவர்களை ஒவ்வொருவராக அழைத்தார். சூடான வாஃபிள் அப்பமும் பழுப்புப் பாலாடைக்கட்டியும் முன்னே வைத்து, "விடை வேணாம், மனசுல ஓடுறத அப்படியே சொல்லு" என்றார். தெர்யே நெசே என்றொரு மாணவன். வாய்த் துடுக்கில் அவனை மிஞ்ச ஆளில்லை.

"மேடையில எம்பிக் குதிச்சாருல்ல? அந்த வேகம் அவருக்குள்ள இன்னும் இருக்கு. அதான் தள்ளுது. தீர்ந்தா விழுந்துடுவாரு."

"பரீட்சையில வேற மாதிரி எழுதினியேப்பா?"

"அது பரீட்சைக்கு. இது நெஜத்துக்கு."

கேட்டீர்களா? பரீட்சைக்கு ஓர் இயற்பியல், பாருலகுக்கு ஓர் இயற்பியல்! அந்த ஒரு வரி சுன்னிவாவின் பாடத்தையே புரட்டிப் போட்டது. பேச்சைக் குறைத்தார். கேள்வியைப் போட்டார். பக்கத்தில் இருப்பவரோடு வாதாடச் சொன்னார். பிறகு சோதித்துப் பார்க்கச் சொன்னார். அரங்கம் மீன்சந்தை ஆனது. முதலில் முறுக்கிக்கொண்டவன் யார்? அதே தெர்யேதான்.

"பாடம் நடத்துங்க சுன்னிவா! இவன்கிட்ட கத்துக்கவா நான் இங்க வந்தேன்? இவனுக்கே ஒண்ணும் தெரியாது!"

சலசலப்பு முற்றவே ஒரு சோதனைக்கு ஒப்புக்கொண்டார் ஹால்வார்ட். அந்த நேர்மைக்கு இந்த மேடையிலேயே அவரை வணங்குகிறேன். ஒரே பாடம், இரண்டு அரங்கங்கள். ஒன்றில் அவர் உரை, மற்றதில் சுன்னிவாவின் வாத வகுப்பு. வினாத்தாள் ஹால்வார்டே வகுத்தது. முடிவு? சுன்னிவாவின் மாணவர்கள் தெளிவாக முந்தினார்கள்!

ஆனால் நண்பர்களே, முடிவுக்கு இன்னொரு பாதியும் இருந்தது. எவ்வளவு கற்றதாக உணர்கிறீர்கள் என்று மாணவர்களையும் கேட்டிருந்தோம். ஹால்வார்டின் உரையில் மயங்கியவர்கள் நிறையக் கற்றோம் என்றார்கள். சுன்னிவாவிடம் மல்லுக்கட்டியவர்கள் குழம்பினோம், குறைவாகவே கற்றோம் என்றார்கள். உண்மையில் கூடுதலாகக் கற்றவர்கள், கற்கவில்லை என்று கைவிரித்தார்கள்!

எங்கள் குழுவின் யோஸ்டைன் பதறினார். "அந்த ரெண்டாவது பாதிய விட்டுடு சுன்னிவா. யாரு கேக்கப் போறா?"

"நான் கேப்பேனே. பிடிச்சத மட்டும் சொன்னா அதுக்குப் பேரு ஆராய்ச்சி இல்ல யோஸ்டைன், விளம்பரம்."

இரண்டு பாதியையும் வெளியிட்டார். அந்த இரண்டாவது பாதியைத்தான் நேற்று ஆட்சிக்குழுவில் அவர்மீதே வீசினார்கள்: மாணவர்களே விரும்பவில்லை, கற்கவில்லை என்றும் அவர்களே சொல்கிறார்கள், மூடுங்கள்!

அப்போது பார்வையாளர் வரிசையிலிருந்து எழுந்து, பேச அனுமதி கேட்டான் தெர்யே.

"அந்த வகுப்பப் பத்தி அதிகமா புகார் சொன்னவன் நான்தான். இப்பவும் எனக்கு அது பிடிக்கல. வாரா வாரம் என் முட்டாள்தனம் எல்லாருக்கும் தெரியுது. ஆனா இப்பல்லாம் ஒரு அம்பு வரையறதுக்கு முன்னாடி, தள்றது யாருன்னு கேக்குறேன். முன்ன கேட்டதே இல்ல. பிடிக்கலன்னு சொன்னது நான். கத்துக்கலன்னு சொல்றது நீங்க. என் வாயில உங்க வார்த்தைய வைக்காதீங்க."

கேட்டுக்கொண்டார்கள். ஆயினும் கைகள் உயர்ந்தன, மூடினார்கள். வென்றோம் என்று சொல்ல ஆசைதான். ஆனால் இரண்டு பாதியையும் சொல்பவரிடம் பயின்றவள் நான். தோற்றோம்!

தோற்றோம், துவண்டோமா? அறையைப் பூட்டலாம், ஐயத்தைப் பூட்ட முடியுமா? பெயர்ப்பலகையைப் பெயர்க்கலாம், பெற்ற அறிவைப் பெயர்க்க முடியுமா? கூட்டம் முடிந்து சுன்னிவா வெளியே வந்தபோது, வேதியியல் விரிவுரையாளர் ஒருவர் வழிமறித்தார். "என் வகுப்புல வந்து உக்காருங்க. என்ன கத்துக்கிறாங்கன்னு அளந்து சொல்லுங்க. நல்லா இல்லன்னாலும் சொல்லுங்க." அவர் பின்னால் இன்னும் இருவர் நின்றார்கள்! ஒரு கதவை அடைத்தீர்கள். மூன்று கதவுகள் திறந்துவிட்டன.

ஹால்வார்ட் அவர்களே, நான்காவது கதவாக உங்கள் கதவையும் தட்டுவோம். திறக்கும்வரை தட்டுவோம். பிழையென்றால் பிழையென்போம்; அது எங்கள் பிழையானாலும் உரக்கச் சொல்வோம். அதுவே எங்கள் அறிவியல், அதுவே எங்கள் ஆண்மையும் பெண்மையும்!

மழையைப் பாராது வந்த மக்களுக்கும், மண்டபம் தந்த மனத்தினர்க்கும், காப்பி ஊற்றிக் களைத்த கைகளுக்கும் என் நன்றி. நாளைக் காலை சுன்னிவா வழக்கம்போல் வகுப்பெடுக்கிறார். ஐயத்தோடு வாருங்கள், அடுத்தவரோடு வாதாடுங்கள். வணக்கம்!