சாக்கு எடை போக

காலை 8.12. ஒரத்தநாட்டிலிருந்து தஞ்சாவூர் செல்லும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் ஒரு தம்பதி. கணவரின் கையில் தனியார் பள்ளிச் சேர்க்கைப் படிவம். மகள் மூன்றாம் வகுப்பு என்பது பேச்சில் தெரிந்தது.

“அங்க எல்லாப் புள்ளைங்களும் தொண்ணூறுக்கு மேல. நம்ம ஊரு ஸ்கூல்ல உன் மக அறுபதுதான்.”

“நெல்லு மூட்டைய நிறுத்தா சாக்கு எடையக் கழிக்கிறாங்கல்ல? இதுலயும் கழிச்சுட்டுச் சொல்லுங்க!”

“இதுல ஏதுடி சாக்கு?”

“அங்க பரீட்ச வச்சு, எம்பது வாங்குற புள்ளைங்களாப் பொறுக்கித்தானே சேக்குறாங்க? அவங்க ஏத்துனது பத்து. நம்ம புள்ள போன வருஷம் எழுத்துக்கூட்டவே திணறுச்சு, இருபது மார்க்கு. நம்ம ஊரு டீச்சர் எவ்வளவு ஏத்தியிருக்காங்க?”

கணவர் விரல் மடக்கி எண்ணினார்.

“நாப்பது! அடேங்கப்பா!” பேருந்தே திரும்பிப் பார்த்தது. “உன்னையக் கொள்முதல் நிலையத்துல உக்கார வச்சா ஒரு பய ஏமாத்த முடியாது.”

“சிரிக்காதீங்க. படிவத்த என்ன பண்ணப் போறீங்க?”

அவர் தஞ்சாவூர் வரை டிக்கெட் எடுத்திருந்தார். அடுத்த நிறுத்தத்தில் இருவரும் இறங்கி, சாலையைக் கடந்து, ஒரத்தநாடு பேருந்துக்காக நின்றார்கள்.