கைவிடாத கைலாசம்

இந்தக் குடிநீர்த் திட்டத் திறப்பு விழாவுக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் பெருமதிப்பிற்குரிய ஐயா சிவனணைந்தபெருமாள் அவர்களே! மேடையை நிறைத்திருக்கும் சான்றோர்களே! குற்றாலத்துச் சாரல் தலையில் விழுந்தும் தலைசாயாமல் அமர்ந்திருக்கும் கடையநல்லூர்ப் பெரியோர்களே! இத்தனை காலமும் இடுப்பில் குடத்தோடு தெருத்தெருவாய்த் திரிந்த என் தாய்மார்களே! புளியங்குடியிலிருந்து லாரியேறி வந்திருக்கும் உழவர் பெருமக்களே! உங்கள் அனைவரையும் கைகூப்பித் தொழுகிறேன்.

வாழ்த்திப் பேசத்தான் அழைத்தார்கள். வாழ்த்தத்தான் வந்தேன். ஆனால் வாய் திறந்தால் வாழ்த்துக்கு முன்னால் வருத்தம் வந்து நிற்கிறது. தலைவர் பொறுத்தருள வேண்டும்.

மலையடிவாரத்திலிருந்து நம் ஊர் வரைக்கும் மண்ணுக்குள் படுத்திருக்கிறதே இரும்புக் குழாய், அதைப் படுக்க வைத்தது எது? மந்திரமா? மாயமா? இல்லை, எந்திரம்! பள்ளம் தோண்டப் பொக்லைன் வந்தது. குழாய் சுமக்க டிரெய்லர் வந்தது. குழாயைத் தூக்கிப் பள்ளத்தில் இறக்க இன்னொரு வண்டி வந்தது. சங்கிலிப்பட்டையில் ஊரும் வண்டி அது. ஒரு பக்கம் மட்டும் இரும்புக்கை நீண்டிருக்கும். கவிழாமலிருக்க மறுபக்கம் பாரக்கட்டி தொங்கும். வேலையாட்கள் அதற்கு வைத்த பெயர் ‘ஒத்தக்கை’. அதை ஓட்டியவர் பண்பொழிக் கைலாசம்.

எங்கள் தெரு பரீதை உங்களில் பலருக்குத் தெரியும். சவுதியில் எண்ணெய்க் குழாய்களுக்கு வெல்டிங் செய்துவிட்டு ஊர் திரும்பியவர். இந்தத் திட்டத்தில் பள்ளத்துக்குள் இறங்கிக் குழாயோடு குழாயைப் பற்றவைப்பது அவர் வேலை. அதுவரை குழாயை அசையாமல் பிடித்திருப்பது கைலாசம் வேலை. இருவரும் மாமா என்றும் மாப்ளே என்றும்தான் அழைத்துக்கொள்வார்கள். நோன்பு மாதத்தில் பரீது வீட்டுக் கஞ்சி தூக்குவாளியோடு ஒத்தக்கையில் ஏறும். என்ன உறவு! எப்பேர்ப்பட்ட உறவு!

அப்போது சீசன் தொடங்கியிருந்தது. அருவிக்கரையில் ஆயிரமாயிரம் பேர் ஆனந்தமாய் நனைந்தார்கள். இங்கே பள்ளத்தின் கரையும் நனைந்தது, நனைந்து நெகிழ்ந்தது. அப்படிப்பட்ட மண்ணில் பள்ளத்துக்குள் முதலில், கரை சரியாமல் தாங்கும் இரும்புத் தடுப்புப் பெட்டியை இறக்க வேண்டும். அதற்குள் நின்றுதான் ஆள் வேலை பார்க்க வேண்டும்.

என்ன அண்ணாச்சி கேட்கிறீர்கள்? “பெட்டி எங்க போச்சு?” என்றா? நல்ல கேள்வி, நறுக்கென்ற கேள்வி! பெட்டி இருந்தது. பண்பொழி விலக்கில் தார்ப்பாய்க்கு அடியில் பத்திரமாக இருந்தது.

அன்று காலையிலேயே கைலாசம் மேற்பார்வையாளரிடம் கேட்டிருக்கிறார்.

“சார், கர நெகுந்து கெடக்கு. பெட்டிய எறக்கிட்டு வேல பாப்போம்.”

“அத எடத்துக்கு எடம் மாத்தி எறக்கிட்டு இருந்தா வேல எப்பம் முடியும்? கடையநல்லூர்ல ரோட்ட மறிச்சு உக்காந்திருக்காவ. சட்டுபுட்டுனு முடிங்க.”

தாய்மார்களே, மறித்தது நீங்கள்தான். உங்களைக் குறை சொல்ல மாட்டேன். வறண்ட தொண்டை எத்தனை நாள்தான் பொறுக்கும்? ஆனால் யாரோ ஒருவரின் அவசரத்துக்கு நம்முடைய தாகம் சாக்காகிப் போனதே, அதைத்தான் என்னால் ஆற்றிக்கொள்ள முடியவில்லை.

பரீது இறங்கினார். தலைக்கு மேலே குழாய் தொங்கியது. திடீரென்று கரை சரிந்தது! பரீது இடுப்பு வரை மண்ணில் புதைந்தார். கரையோரம் நின்ற ஒத்தக்கையும் பள்ளத்தை நோக்கிச் சாய்ந்தது.

அந்த வண்டியில் ஆபத்துக்கென்றே ஒரு லிவர் உண்டு. இழுத்தால் குழாய் கழன்று விழும்; வண்டி நிமிரும்; ஓட்டுநர் பிழைப்பார். ஆனால் குழாய்க்குக் கீழே கிடந்தது யார்? பரீது அல்லவா!

பள்ளம் வெட்டும் தொழிலாளி மாடனும் மற்ற ஆட்களும் மண்வெட்டியோடு பள்ளத்தில் குதித்தார்கள். கரையில் நின்றவர்கள் கதறினார்கள்.

“அண்ணாச்சி, வண்டி கவுருது! குதிச்சிருங்க!”

“மாப்ள கீழ கெடக்கான்லே! மொதல்ல அவன எடுங்க!”

வண்டி சாயச் சாய, அந்த இரும்புக் கையை உயர்த்திக் குழாயைப் பரீதின் மேல் படாமல் பிடித்திருந்தார் கைலாசம். கீழே மண்ணை வாரி வாரி வெளியே வீசினார்கள். பரீதை இழுத்துக் கரையேற்றினார்கள்.

“ஆள் வந்தாச்சா?”

“வந்தாச்சு அண்ணாச்சி!”

அதன் பிறகுதான் லிவரை இழுத்தார். குழாய் விழுந்தது. ஆனால் வண்டிக்கு அடியிலிருந்த மண் அதற்குள் பெயர்ந்துவிட்டது. ஒத்தக்கை புரண்டது. தென்காசிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே கைலாசத்தின் உயிர் பிரிந்தது.

வேண்டாம் தம்பி, கைதட்டாதீர்கள். இது கைதட்டும் இடமில்லை.

மண்ணில் நசுங்கிய காலுக்குப் போட்ட கட்டை அவிழ்த்ததும் பரீது பண்பொழிக்குப் போனார். கைலாசத்தின் மனைவி முத்துலட்சுமி முன்னால் போய் நின்றார். அந்த அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“தம்பி, ‘வந்தாச்சு’ன்னு சொன்னது அவுக காதுல விழுந்துச்சா?”

“விழுந்துச்சு அத்த. கேட்டுட்டுத்தான் லிவர இழுத்தாக.”

“அப்பம் சரி. நீ அழாத. உக்காந்து சாப்புடு.”

அவையோரே, இதற்கு மேல் நான் என்ன அலங்காரம் பேச?

இப்போது இரண்டாம் கட்ட வேலை புளியங்குடி நோக்கிப் போகிறது. பரீது சவுதிக்குத் திரும்பவில்லை, பள்ளத்துக்கே திரும்பினார். முதல் நாளே புதிய மேற்பார்வையாளர் அவசரப்படுத்தினார். பரீது கரையில் உட்கார்ந்துவிட்டார்.

“பெட்டி எறங்கட்டும் சார். பொறவு நான் எறங்குதேன்.”

“ஒனக்காக வேல நிக்கணுமா?”

“எனக்காக ஒரு ஆளு போனது போதும் சார்.”

மாடன் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். பொக்லைன் ஓட்டுநர் இறங்கி வந்து உட்கார்ந்தார். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் உட்கார்ந்தார்கள். மதியத்துக்குள் பெட்டி வந்தது! அன்று முதல் அது இறங்காமல் அங்கே ஓர் ஆளும் இறங்குவதில்லை.

அரை நாளில் வரக்கூடிய பெட்டி! கைலாசம் கேட்டபோது வந்திருக்கக் கூடாதா? கரை நெகிழ்ந்தபோது வந்திருக்கக் கூடாதா? ஒரு வீட்டின் விளக்கு அணைவதற்கு முன்னால் வந்திருக்கக் கூடாதா?

இந்த விழாவுக்கு முத்துலட்சுமி அம்மாவை முறையாக அழைத்தார்கள். “நீங்க நல்லபடியா நடத்துங்க, நான் வரல” என்று சொல்லிவிட்டார். அந்தத் தாய் இருக்கும் திசை நோக்கி இந்த மேடையிலிருந்து தலைதாழ்த்தி வணங்குகிறேன். மகிழ்ச்சியான நாளில் மனத்தைக் கனக்கச் செய்தவனை இவ்வளவு நேரம் பொறுத்துக் கேட்ட உங்களுக்கு என் நன்றி. வணக்கம்.