சவரிராயன் கை

ஒருத்தங்க கையைப் பார்த்தே என்ன வேலை பண்றாங்கன்னு நான் சொல்லிடுவேன். என்னை மாதிரி கணக்கு டீச்சர் கை சாக்பீஸ் ஏறி வெளுத்திருக்கும். லேத் பட்டறைக்காரர் கை இருக்கு பாருங்க, எத்தனை சோப்பு போட்டாலும் நகக்கண்ணுல கருப்பு போகாது. பாலக்கரை சவரிராயன் கை அப்படித்தான். என்னைப் பார்த்தா முதுகுக்குப் பின்னால கட்டிக்குவாரு.

எண்பத்தஞ்சுல புதுசா ஒரு இன்ஜினியரிங் காலேஜ் ஆரம்பிச்சாங்க. பேரு வேணாம். அங்கேருந்து ஒருத்தர் வீட்டுக்கே வந்து, "பணம் கட்டிச் சேர்ற பசங்க நாலு பேரை அனுப்புங்க டீச்சர், உங்க எட்வினுக்கு நன்கொடை இல்லாம சீட்டு"ன்னாரு. எட்வின் என் மூத்தவன். மார்க்கு சுமார்தான். எனக்குத் தப்பா தெரியல. கெடுக்கவா சொன்னாரு, படிக்க வைக்கத்தானே சொன்னாரு.

மூணு பேர் சுலபமா கிடைச்சாங்க. நாலாவதுக்குத்தான் சவரிராயன் மகன் அமிர்தராஜ். என்கிட்டதான் ப்ளஸ் டூ படிச்சான். கணக்குல பாஸ் பண்ணதே பெரும்பாடு. ஆனா மோட்டார் ஓடுற சத்தத்தை வெச்சே என்ன கோளாறுன்னு சொல்லிடுவான். திருவெறும்பூர்ல ஒரு ஃபேக்டரியில அப்ரண்டிஸா எடுத்துட்டாங்க. காலேஜ் அவனுக்கு ஒத்து வராது. பாடம் எடுத்தவளுக்கு அது தெரியாதா.

ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு, மாதா கோயில் வாசல்ல அப்பனும் மகனும் வந்து நின்னாங்க.

"டீச்சர், நாளைக்கு வேலையில சேரச் சொல்லியிருக்காங்க. உங்களை ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு..."

"சவரிராயன், இவன் இன்ஜினியர் ஆக வேண்டிய பையன். மார்க்கை விடுங்க, பேப்பர் திருத்துனவங்க சரியில்ல."

"எனக்கு மிஷின்தான் டீச்சர் பிடிக்கும்"னான் பையன்.

"டேய், டீச்சர் பேசுறாங்கல்ல."

சவரிராயன் கையைப் பார்த்தேன். அப்புறம் பையன் கையைப் பார்த்தேன். அவ்வளவுதான் செஞ்சேன். அவரு முகம் சுண்டிப்போச்சு. அந்த வாரமே லேத்தை வித்து மகனைக் காலேஜ்ல சேர்த்துட்டாரு. எட்வினும் சேர்ந்தான்.

முதல் வருஷமே அமிர்தராஜுக்கு எல்லாப் பேப்பரும் போச்சு. ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்தான். "நான் நின்னுடுறேன் டீச்சர். நீங்க சொன்னா அப்பா கேப்பாரு"ன்னான். நடுவுல யாராவது நின்னா எட்வின் சீட்டுக்குப் பணம் கேப்போம்னு காலேஜ்காரர் முன்னாடியே சொல்லியிருந்தாரு. டீ போட்டுக் கொடுத்தேன். "கொஞ்சம் கஷ்டப்பட்டுப் படிப்பா"ன்னு அனுப்பி வெச்சேன்.

மறுநாள் கொள்ளிடம் பாலத்துல அவன் சைக்கிள் மட்டும் சாஞ்சிருந்துச்சு.

துக்கத்துக்குப் போனேன். சவரிராயன் எந்திரிச்சு வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. "நீங்க எவ்வளவோ பாடுபட்டீங்க டீச்சர். எங்களுக்குத்தான் கொடுத்து வைக்கல." நகக்கண்ணெல்லாம் சுத்தமா இருந்துச்சு. பட்டறை இல்லாத கை. அவரு விட்டதும், என் கையை எங்க வெச்சுக்கறதுன்னு தெரியல. புடவைத் தலைப்புக்குள்ள ஒளிச்சுக்கிட்டேன்.

அந்தப் பையனைக் கொன்னது நான்தாங்க. சுத்தி வளைச்சு என்ன ஆகப்போகுது.

அதுக்கடுத்த வருஷம் என் இளையவனுக்கும் சீட்டு தேவைப்பட்டுச்சு. மறுபடியும் நாலு பேர் கேட்டாங்க, அனுப்பி வெச்சேன். ஆனா இந்தத் தடவை எந்த அப்பா கையையும் பார்க்கக் கூடாதுன்னு கண்டிப்பா இருந்தேன். ஒரு தடவைகூடப் பார்க்கலீங்க.