இரண்டு இடத்தில் குதிக்கும் பாட்டு

ஒஸ்வல்ட்: நிப்பாட்டு, நிப்பாட்டு. ஊசியத் தூக்கு ரவூப். இதுவும் சரியில்ல.

ரவூப்: இன்னும் மொதப் பாட்டே முடியலையேடா!

ஒஸ்வல்ட்: முடியணுமா? சத்தத்தக் கேளு, சவக்காரம் போட்டுக் கழுவுன மாதிரி இருக்கு.

ரவூப்: புது ரெக்கோட்டு, அப்பிடித்தான் இருக்கும். லண்டன்ல என் மச்சினன் ரெண்டு மாசம் அலைஞ்சு வாங்கி அனுப்பியிருக்கான். கவரையாவது பாரு... முப்பத்தஞ்சாவது வருஷப் பதிப்புன்னு தங்க எழுத்துல.

ஒஸ்வல்ட்: கல்யாணக் கார்டு மாதிரி. எழுபத்திரெண்டுல வந்தப்ப கவர்ல வெறும் கிழிஞ்ச சப்பாத்து மட்டுந்தான். அதுல ஒரு திமிர் இருந்துச்சு. ராக் பாட்டுக்குத் தங்க எழுத்து எதுக்கு?

ரவூப்: இருபத்தஞ்சாவது வருஷத்துக்கு அடிச்சதுக்கும் இப்பிடித்தான் ஏதோ சொன்னே.

ஒஸ்வல்ட்: அதுல டிரம் சத்தம் தகரக் கூரையில மழை பெஞ்ச மாதிரி.

ரவூப்: முப்பதாவது?

ஒஸ்வல்ட்: அதுக்குள்ள படப் புத்தகம் வச்சிருந்தான். பாடுன நாலு பேரும் இப்ப தொப்பையும் வழுக்கையுமா... மனசே விட்டுப்போச்சு.

ரவூப்: நீ மட்டும் கதாநாயகன். வீட்டுல பிளேயர் கூட இல்ல, வாய் மட்டும்...

ஒஸ்வல்ட்: பிளேயர் இருந்தா ஒன் கடைக்கு ஏன் வர்றேன்? மாத்தளை டவுன்ல வேற எவன்கிட்ட இப்ப இது இருக்கு?

ரவூப்: இது ரேடியோ திருத்துற கடை. நீ வந்தா ரெண்டு மணித்தியாலம் வேலை நடக்காது. டேய், அந்த அலுமாரியில சாயாத!

ஒஸ்வல்ட்: இருபது வருஷமா சாஞ்சாலே கத்துறே. உள்ள என்ன, ஒன் சம்சாரத்தோட நகையா?

ரவூப்: கால் ஆடுது... விழுந்துரும். சரி, வெசயத்துக்கு வா. வெள்ளிக்கெழம ஒரேயடியா மெல்பன் போறே. சூட்கேஸ்ல ஒரே ஒரு ரெக்கோட்டுக்குத்தான் எடம்னு டொறீன் சொல்லிட்டா. இந்த மூணுல ஒண்ண எடு.

ஒஸ்வல்ட்: ஒரு சூட்கேஸ் முழுக்க அவளோட சாரி, மத்ததுல மிளகாத்தூளு. எனக்கு ஒரு ரெக்கோட்டு. முப்பது வருஷக் கல்யாணம்!

ரவூப்: எடுடா.

ஒஸ்வல்ட்: மூணும் வேணாம். எனக்கு என்னோட பழசுதான் வேணும்.

ரவூப்: ...எரிஞ்சு போனதுக்கு நான் என்ன செய்ய?

ஒஸ்வல்ட்: ஆமா. எம்பத்திமூணு ஜூலைக் கலவரம். வீட்டோட போச்சு... ஏன் குனிஞ்சுக்கிட்டே?

ரவூப்: ஊசியில தூசி. அத விடு... இந்தப் பார்சலக் கொழும்புலருந்து கொண்டுவந்த கூத்தக் கேளு. செக்பொயின்ட்ல பஸ்ஸ நிப்பாட்டி ஆமிக்காரன் இதப் பிரிச்சுட்டான். வட்டமா, கறுப்பா, பாரமா... பய நாலடி பின்னால போயிட்டான்.

ஒஸ்வல்ட்: அய்யய்யோ! நீ என்ன சொன்னே?

ரவூப்: சிங்களத்துல, "இது பாட்டு மஹத்தயா"ன்னேன். "அப்ப பாடு"ன்னான்.

ஒஸ்வல்ட்: பாடுனியா?

ரவூப்: துவக்கு வச்சிருக்கிறவன் கேட்டா பாடாம இருக்க முடியுமா? பஸ்ஸே எறங்கி நின்னு கேட்டுச்சு. பாதியிலேயே "போ, போ"ன்னு வெரட்டிட்டான்.

ஒஸ்வல்ட்: எங்க... அவனுக்குப் பாடுனத எனக்கும் பாடிக் காட்டு.

ரவூப்: இப்பயா? வெளிய ஆளு போகுது.

ஒஸ்வல்ட்: ஆமிக்கு மட்டுந்தான் பாடுவியா? பாடுடா, வெள்ளிக்கெழமைக்கு அப்புறம் கேக்க முடியாது.

ரவூப்: சரி, சிரிக்கக் கூடாது... டண்ட டண்ட டா... டண்ட டண்ட டா... ஓ ஓ ஓ... டக்!... டண்ட டண்ட... டிகிடிகி டிகிடிகி... டக்!... ஓ ஓ ஓ...

ஒஸ்வல்ட்: நில்லு.

ரவூப்: ஏன், அவ்வளவு மோசமா?

ஒஸ்வல்ட்: மொத "டக்கு" எனக்குத் தெரியும். எழுபத்தெட்டுல டொறீன் வீடு கூட்டுறப்ப தும்புத்தடியால பிளேயர இடிச்சா. ரெக்கோட்டுல கீறல் விழுந்து, அதுலருந்து அந்த எடத்துல குதிக்கும்.

ரவூப்: ஆமா, பழகிப்போச்சு.

ஒஸ்வல்ட்: டிரம் அடிக்கிற எடத்துல இன்னொரு "டக்கு" எங்கருந்து வந்துச்சு?

ரவூப்: அது... சும்மா தாளத்துக்கு.

ஒஸ்வல்ட்: என் ரெக்கோட்டு ஒரு எடத்துலதான் குதிக்கும். புதுசு மூணும் எங்கயும் குதிக்காது. நீ மட்டும் எப்பிடி ரெண்டு எடத்துல குதிக்கிறே?

ரவூப்: தேத்தண்ணி குடிக்கிறியா?

ஒஸ்வல்ட்: ரவூப்.

ரவூப்: இஞ்சி தட்டிப் போட்டு...

ஒஸ்வல்ட்: டேய்!

ரவூப்: எம்பத்தாறு. நோன்புப் பெருநாள் அன்னைக்கு. சின்ன மகள் கரண்டியால தட்டிட்டா.

ஒஸ்வல்ட்: அப்ப அது எரியல.

ரவூப்: எரியல. கலவரத்துக்கு முந்தின சனிக்கெழமதான் நீ எனக்கு எரவல் குடுத்தே. அடுத்த வாரம் ஒங்க வீட்டக் கொளுத்திட்டாங்க. ரெண்டு மாசம் கழிச்சு வஹகோட்டையில டொறீனோட அக்கா வீட்டுலருந்து வந்தே. இதே வாசல்ல நின்னு, "வீடு போச்சு, கட்டில் போச்சு, அந்த ரெக்கோட்டும் போச்சு"ன்னே. நான்... தலைய ஆட்டுனேன்.

ஒஸ்வல்ட்: தலைய ஆட்டுனே.

ரவூப்: எரவல் குடுத்தத நீயே மறந்துட்டேன்னு நெனச்சேன். அவ்வளவு ஆசடா அதுமேல. நாளைக்குக் குடுப்போம், நாளைக்குக் குடுப்போம்னு மூணு வருஷம்... அப்புறம் மகள் கீறிட்டா. கீறுனத எந்த மொகத்தோட கொண்டுவந்து நீட்டுறது?

ஒஸ்வல்ட்: அதுக்குத்தான் அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா லண்டன் மச்சினனா?

ரவூப்: புதுசு வந்தா நீ பழச மறந்துருவேன்னு பாத்தேன். நீ எங்க மறந்தே! நீ சாஞ்சுக்கிட்டு நிக்கிறியே, அந்த அலுமாரிக்குள்ளதான் இருக்கு. கால் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. இருபத்திநாலு வருஷமா ஒன் மூஞ்சியப் பாக்க வெக்கமா இருந்துச்சுடா. ஏசுனாலும் ஏசு. அடிச்சாலும் அடி... ஏன் சிரிக்கிறே?

ஒஸ்வல்ட்: எரவல் குடுத்தத எவன்டா மறந்தான்? டொறீனோட அக்கா வீட்டுல இருந்தப்ப எரிஞ்ச சாமானெல்லாம் அவ ஒண்ணொண்ணா சொல்லிச் சொல்லி அழுதா. எனக்கு மட்டும் தெரியும், எங்க வீட்டுல ஒண்ணு எரியலன்னு. திருப்பி வாங்கிட்டுப் போனா அடுத்த தடவ அதையும் கொளுத்துவாங்க. அதான் எரிஞ்சுருச்சுன்னு பொய் சொன்னேன், ஒன்கிட்டயே இருக்கட்டும்னு. மெல்பன்ல எவனும் கொளுத்த மாட்டான். தெற அலுமாரிய.