பத்திலிருந்து பூஜ்யத்துக்கு

எனக்குச் சும்மா உட்காரவே வராது, இன்ஸ்பெக்டர் ஐயா. நாற்பது வருஷம் நசுங்கின கார்களைத் தட்டி நிமிர்த்தின ஆள். லாரிக்கு அடியில் போய்ச் சப்பையான ஒரு வண்டியைப் புதுப்பெண் மாதிரி நிறுத்தினேன். சொந்தக்காரனுக்கே அடையாளம் தெரியாமல், “என் வண்டி எங்கேய்யா?” என்று சட்டையைப் பிடித்தான்.

ஓய்வு பெற்றதும் தட்டல் சிகிச்சை வகுப்பில் சேர்ந்தேன். மனச்சோர்வுக்காரர்களுக்குச் செய்கிற வைத்தியம் அது. புருவ நுனி, கண்ணோரம், மூக்குக்குக் கீழே, மோவாய், கழுத்தெலும்பு, கடைசியில் உச்சந்தலை என்று இரண்டு விரலால் தட்ட வேண்டும். சுற்று முடிந்ததும், துக்கம் பத்துக்கு எத்தனை என்று கேட்டு நோட்டில் குறிக்க வேண்டும். நான் தட்டின எல்லாருக்கும் இறங்கியது. ஒரு அம்மாளுக்கு இறங்கின வேகத்தில் பூஜ்யத்தையும் தாண்டியிருக்கும், நான்தான் பிடித்து நிறுத்தினேன்.

தங்கை புருஷனுக்கு மட்டும் அசையவில்லை. அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை போனதிலிருந்து எட்டு மாதமாகப் படுக்கைதான். டாக்டர் கொடுத்த மாத்திரை தட்டலுக்கு இடைஞ்சல் என்று அத்தனையையும் கழிவறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றினேன். தங்கையிடம் சொல்லவில்லை, வேளாவேளைக்கு மாத்திரையை நானே கொடுத்துக்கொள்கிறேன் என்றேன். அவள் பயந்த சுபாவம்.

“மாப்ளே, இப்ப எத்தனை?”

“பத்து, மச்சான்.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“யோசிச்சா பதினொண்ணு வருது. விடுங்க மச்சான், நெத்தி வலிக்குது.”

பதினைந்து நாள், நாளுக்கு ஆயிரம் சுற்றாவது தட்டியிருப்பேன். முகம் ஊதா நிறத்துக்கு வந்தது. “அண்ணே, கையெடுத்துக் கும்பிடறேன், அவரை விட்டுடுங்க” என்றாள் தங்கை. பாசம், வேறென்ன.

செவ்வாய்க்கிழமை காலையில் மாத்திரை டப்பா காலி என்பதை அவள் பார்த்துவிட்டு மருந்துக்கடைக்கு ஓடினாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. தகரத்துக்குப் பின்னால் இரும்புக்கட்டையை முட்டுக்கொடுக்காமல் தட்டினால் நெளிசல் எடுபடாது. நானோ இத்தனை நாளும் அவர் தலைக்குப் பின்னால் தலையணையை வைத்துத் தட்டியிருக்கிறேன். தொழில் தெரிந்தவன் செய்கிற தப்பா இது.

அடுத்த தெருவில் இருக்கிற என் வீட்டுக்குப் போய்க் கட்டையும் சின்னச் சுத்தியலும் எடுத்து வந்தேன். அசையக் கூடாதே என்று அவர் கைகளைக் கட்டிலோடு கட்டினேன். புருவத்தில் ஆரம்பித்தேன்.

“மச்சான், இறங்கிடுச்சு, ஒண்ணுமே இல்ல, நிறுத்துங்க” என்று அலறினார். எட்டு மாதத்தில் அவர் அத்தனை தெம்பாகப் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் பாதிச் சுற்றில் நிறுத்தக் கூடாது, வகுப்பில் முதல் பாடமே அதுதான். உச்சந்தலைவரை முடித்தேன். எத்தனை என்று இரண்டு தடவை கேட்டேன். நோட்டைத் துடைத்துவிட்டுப் பூஜ்யம் என்று குறித்தேன்.

கொன்றது நான்தான், கையெழுத்துப் போடுகிறேன். அவர் சோகமாகச் சாகவில்லை என்பதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

தங்கை அன்றிலிருந்து சாப்பிடுவதில்லையாம், யாரோடும் பேசுவதில்லையாம். அரை மணி நேரம் என்னை அவளிடம் கூட்டிப் போங்கள், ஐயா. கூடப் பிறந்தவன் நான் இருக்கும்போது அவள் ஏன் கஷ்டப்பட வேண்டும்.